நேராக வெட்டிய போர்வை

நம்முடைய செட் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருந்தது, நினைவிருக்கிறதா? பத்து வயதில் நாமெல்லாம் வாய். டாக்டரிடம் அம்மாவின் வாய், வங்கியில் அப்பாவின் வாய், கரண்ட் பில் பிழையாக வந்தால் தொலைபேசியில் முழுக் குடும்பத்துக்கும் வாய். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் நம்மைப் பற்றிய முறைப்பாட்டை நாமே தமிழாக்க வேண்டும். டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசுவார். அம்மா நம் பக்கம் திரும்பி, "என்னவாம்?" என்பார். நாம் "நல்லாப் படிக்கிறனாம்" என்போம்.

சிரிக்கிறீர்கள். நானும் இதைக் கலியாண வீடுகளில் சொல்லி நிறையச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். இப்போது நமக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. முழங்கால் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த ஊர் வெளிப்படிகளில் ஏறும்போது கை தானாகக் கம்பியைத் தேடுகிறது. ஆகவே, சிரிப்பு வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் மொன்றியலில் ஒரு மூன்று தட்டு வீட்டின் நடுத்தட்டில் இருந்தோம். அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அம்மாவுக்கு உடுப்பு பக்டரியில் துணி வெட்டும் வேலை. அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தைக்கிறவர்கள் ஐம்பது பேர் இருந்தால் வெட்டுகிறவர்கள் இரண்டு பேர்தான். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வெட்டும்போது கை ஒரு நூல் விலகினால் நாற்பது சட்டை குப்பைக்குப் போகும். அம்மாவின் கை விலகாது. பாண் ரொட்டியை வெட்டினால்கூடத் துண்டுகள் சீட்டுக்கட்டுப்போல நிற்கும்.

மேல்தட்டில் மடாம் இருந்தார். எல்லா வெள்ளைக்காரப் பெண்களையும் அப்படித்தானே கூப்பிட்டோம். கலியாணம் கட்டாதவர், அறுபதை நெருங்கியவர். படுக்கையில் விழுந்த தன் தாயைப் பல வருடங்களாகத் தனியே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கு உப்புப் போடும் பொறுப்பும் அவருடையது. நம் வீட்டு வெளிப்படி வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. பனிக்காலத்தில் உறைபனியைக் கரைக்க உப்புப் போடாவிட்டால் கண்ணாடி.

அவர்கள் ஜெர்மன்காரர் என்று அப்பா கேள்விப்பட்டு வந்து சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோசம். அம்மாவின் தம்பி, என் மாமா, ஜெர்மனியில் இருந்தார். மாமா தொலைபேசியில் சொல்லிக்கொடுத்ததைப் பாடமாக்கி, படியில் கண்ட அன்று "குட்டன் மோர்கன்" என்றார். அது காலை வணக்கம்; நேரமோ பின்னேரம் நாலு மணி. மடாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

பிறகு மடாம் எனக்கு விளக்கினார். அவர்களுடைய ஆட்கள் ஜெர்மனியிலிருந்து ரஷ்யாவுக்கு, வோல்கா ஆற்றங்கரைக்குப் பயிர்செய்யப் போனவர்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் பேசி, தங்கள் தறியில் தங்கள் துணியை நெய்து கட்டிக்கொண்டு இருந்தவர்கள். அங்கேயும் நிம்மதி கெட்டபோது கனடாவின் கோதுமைச் சமவெளிக்கு வந்து சேர்ந்தவர்கள். மடாம் மட்டும் இளவயதில் வேலை தேடி மொன்றியலுக்கு வந்து, பிறகு தாயையும் கூட்டிக்கொண்டவர்.

"அப்ப இவை ஆர்? ஜெர்மன்காரரோ, ரஷ்யாக்காரரோ, இஞ்சத்தை ஆக்களோ?" என்று அம்மா கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"கேக்கிற ஆளைப் பொறுத்தது" என்றார் மடாம்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்த வீட்டில் பேசப்பட்ட எல்லாம் இப்போது என் காதில் அம்மாவின் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அந்தத் தாய் ஒரு பனிப்புயலின்போது இறந்துபோனார். டாக்டர் எப்படியோ வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் பிரேதம் எடுக்கும் வண்டி அன்று வர முடியவில்லை. மறுநாள் காலையில் அம்மா இடியப்பமும் சொதியும் ஒரு பாத்திரத்தில் போட்டுத் தந்து, "கதவடியில வச்சிட்டு வா. உள்ளுக்குப் போகாத. செத்த வீடு" என்றார்.

நான் உள்ளே போனேன். நீங்களும் போயிருப்பீர்கள்.

முன் அறையில் கட்டிலில் ஒரு போர்வை கிடந்தது. அதற்குக் கீழே ஆள் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு மெலிந்த உடம்பு. முகத்துக்கு மேலே மட்டும் சின்ன மேடு. மடாம் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். என்னைத் துரத்தவில்லை.

"எங்கட குடும்பத்தில ஆர் செத்தாலும் ஒரு இரவு இதுக்குக் கீழ படுத்திருக்கவேணும்" என்றார். "இதை நெய்தவவும் படுத்தவ. அவவின்ர பிள்ளையளும் படுத்தவை. அடுத்தது என்ர முறை."

இருங்கள், அந்தப் போர்வையைப் பற்றிக் கொஞ்சம் பேச விடுங்கள். இதுதான் பிறகு என் படிப்பும் வேலையும் ஆயிற்று, வாய் சும்மா இருக்காது. நெடுக்கே ஓடும் பாவு முழுக்க வீட்டில் நூற்ற லினன், குறுக்கே ஓடும் ஊடை கம்பளி. அவுரி நீலம், கறுப்பாட்டின் சொந்தக் கறுப்பு, ஒரு செங்கல் சிவப்பு. மூன்று நிறக் கோடுகளும் சேர்ந்து ஒரு கட்டு. அந்தக் கட்டு திரும்பத் திரும்ப வரும். ஓர் இடத்தில் சாயம் தீர்ந்துபோய்ச் சிவப்பு வெளிறியிருக்கும். நெய்தவர் நிறுத்தவில்லை, வெளிறிய நூலோடேயே போயிருக்கிறார். வீட்டுத் தறி ஒடுக்கமானது என்பதால் இரண்டு பாட்டை, அதாவது இரண்டு நீளத் துண்டை, நடுவில் கையால் தைத்து இணைத்திருந்தார்கள். ஒரு தலைப்பில் சிவப்பு நூலால் குறுக்குத் தையலில் மூன்று எழுத்துகள், ஏபிசி என்றே கண்டுபிடிக்க முடியாத சுருள் சுருளான பழைய ஜெர்மன் எழுத்துகள். கம்பளி, பூச்சி உருண்டை, பழைய புகை மூன்றும் கலந்த ஒரு மணம். என் மூக்கில் இப்போதும் ஏறுகிறது.

கீழே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். குளியலறைக்குள் தள்ளித் தலையில் தண்ணீர் ஊற்றினார். நான் போட்டிருந்த உடுப்பு, குளிர்க் கோட்டு, கம்பளித் தொப்பி எல்லாம் மெஷினுக்குள் போயின. "அதில தொட்டனியோ? பிரேதத்தில போட்டிருந்த துணியில தொட்டனியோ?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தார். இரண்டு நாள் கழித்து இந்தக் கதையை மடாமிடம் நானே நடித்துக் காட்டினேன். துக்கத்துக்கு நடுவிலும் அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மண் உறைந்து கிடந்ததால் அடக்கம் வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கிடையில் என் பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கதி நடந்தது. வீட்டிலிருந்து பரம்பரைப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பில் பேச வேண்டும். கிரேக்கப் பிள்ளை செப்புக் கோப்பிக் கிண்ணம் கொண்டுவந்தாள். இத்தாலியப் பெடியன் தன் பெரியப்பா வாசித்த அக்கோர்டியனைத் தூக்க முடியாமல் தூக்கிவந்தான். எங்கள் வீட்டில் என்ன இருந்தது? அம்மாவும் அப்பாவும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரங்களோடு வந்து இறங்கியவர்கள். நான் ஒரு சில்வர் டம்ளரைக் கொண்டுபோனேன். நூறு வருடப் பழையது என்றேன். முன்வாங்கில் இருந்தவன் அதை வாங்கிக் கவிழ்த்தான். அடியில் தமிழ்க்கடை விலை ஸ்டிக்கர்.

வகுப்பு சிரித்து முடிய வெகுநேரம் ஆனது. டீச்சர் நல்லவர். நல்லவர்கள் செய்யும் கொடுமை தனி. "அடுத்த வெள்ளிக்கிழமை உண்மையான பொருள் ஒன்றைக் கொண்டு வா, உனக்காகக் காத்திருப்போம்" என்றார். அன்று முதல் நான் "ஸ்டிக்கர்" ஆனேன். வரிசையில் நிற்கும்போது பின்னால் வந்து என் சட்டைக் கழுத்தைத் திருப்பி விலை பார்ப்பார்கள்.

அந்த வாரம்தான் மடாமின் அண்ணனும் அக்காவும் கோதுமைச் சமவெளியிலிருந்து அடக்கத்துக்கு வந்து இறங்கினார்கள். அண்ணன் கோதுமை விவசாயி, கதவை நிறைத்துக்கொண்டு வருகிற ஆள், நல்ல பகிடிக்காரர். அக்கா அங்கே தங்கள் ஆட்களின் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். வோல்காவிலிருந்து வந்த துணிகளையும் தையல் மாதிரிகளையும் தேடிப் பாதுகாப்பதே அவருடைய வேலை. கைப்பைக்குள் வெள்ளைக் கையுறை வைத்திருந்தார். போர்வையைத் தொடுவதற்கு முன் அதைப் போட்டுக்கொண்டார். நான் மெய்ம்மறந்து பார்த்தேன். துணிக்கு இப்படியும் மரியாதை உண்டா!

அடக்கம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை, அக்கா எங்கள் கதவைத் தட்டினார். ஒரு பெரிய துணியை வெட்ட வேண்டும், உன் அம்மா வெட்டுகிற வேலை செய்கிறவராமே, வருவாரா என்றார். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கனடாவுக்கு வந்து அத்தனை வருடத்தில் ஒரு வெள்ளைக்கார வீடு அம்மாவிடம் கேட்டு வந்த முதல் காரியம் அது. வேலைக்குப் போடாத சேலை ஒன்றை உடுத்தினார். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த கத்தரிக்கோல் இல்லை, இங்கே வாங்கியதுதான், ஆனால் முழங்கை நீளம், பிளனல் துண்டில் சுற்றி வைத்திருப்பார். அதை எடுத்துக்கொண்டார். சோக்கட்டி, அளவு நாடா. பின்னால் நான், வாய்.

மேலே மேசையை நீட்டிப் போர்வையை விரித்திருந்தார்கள். என்ன துணி என்று அம்மாவுக்குத் தெரியாது. பழைய கம்பளி என்று நினைத்தார். நான் சொல்லியிருக்கலாம். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன், அல்லது ஒன்றும் நினைக்கவில்லை.

காரணம் இதுதான்: பிள்ளைகள் ஐந்து பேர். இரண்டு பேர் பயணம் செய்ய முடியாமல் தொலைபேசியில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அந்த ஆட்களிடம், பெற்றோர் விட்டுப்போனது எதுவானாலும் எல்லாப் பிள்ளைக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. காணியை அப்படித்தான் நாடா நாடாவாகப் பிரித்துக்கொண்டார்களாம். கரண்டியைப் பிரித்தார்கள், தலையணையைப் பிரித்தார்கள். போர்வையையும் பிரிப்பதில் அவர்களுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அக்காவுக்கு அது பாதுகாப்பாகவே தெரிந்தது.

"ஒரு வீட்டில இருந்து அந்த வீடு எரிஞ்சா எல்லாம் போயிடும். அஞ்சு வீட்டில இருந்தா எப்பவும் மிஞ்சும்" என்றார், கையுறைக் கையால் போர்வையைத் தடவிக்கொண்டு.

"நான் செத்த பிறகு வெட்டுங்கோ" என்றார் மடாம். "ஒரே ஒரு இரவு. அதுக்குப் பிறகு அம்பது துண்டாக்குங்கோ."

"உனக்குப் போர்த்துவிட ஆர் இருக்கினம்?" என்றார் அண்ணன் சிரித்தபடியே. "பிள்ளையோ குட்டியோ? நீ செத்தா வீட்டுக்காரன் வந்து கட்டிலோட சேர்த்து இதையும் றோட்டில வைப்பான். மூண்டாம் நாள் குப்பை லொறி."

"அம்மாவைப் பார்த்தது நான்."

"ஆர் இல்லையெண்டது? அதுக்குத்தான் தலைப்புப் பக்கம் வேணுமோ, நடு வேணுமோ எண்டு உன்னை முதல் கேக்கிறம்."

இதில் ஒரு சொல்லையும் அம்மா என்னிடம் கேட்கவில்லை; அவர் அதற்குள் துணிக்குள் போய்விட்டார். கோடுகளை எண்ணினார். "இது ரெண்டு பாட்டாய்ச் சேர்த்தது. நடுவில தையலைப் பிரிச்சா வெட்டாமலே ரெண்டாகும். அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். ஐந்து பேர் என்றார் அண்ணன். அம்மா திரும்ப எண்ணினார். பதினொரு கட்டுக் கோடு. ஆளுக்கு இரண்டு கட்டு, குறுக்காக. மிச்சம் ஒரு கட்டு: எழுத்துத் தைத்த தலைப்பு, ஒரு சாண் அகலம், ஒரு ஆள் நீளம்.

"அந்த மிச்சம் என்ன செய்யிறது?" என்று அம்மா கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை உதவிக்கு வந்திருக்கு. ஆருக்குக் குடுத்தாலும் மற்ற நாலு பேருக்கும் குறையும். இவளுக்கே குடுப்பம்."

அவ்வளவுதான். என் கண்ணுக்கு அந்த மேசையில் இப்போது ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ஒரு சாண் அகலத்தில், உண்மையாகவே நூறு வருடப் பழையதாக, அடியில் ஸ்டிக்கர் இல்லாததாக.

அம்மா சோக்கட்டியால் கோடிழுத்தார். கத்தரிக்கோலைப் பிரித்து ஓரத்தில் வைத்தார். அப்போது மடாம் வந்து என் தோளைப் பிடித்தார். அம்மாவின் தோளை அல்ல, என்னுடையதை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், வேகமாகச் சொன்னார்:

"உன்ர அம்மாவுக்கு இது என்ன துணி எண்டு சொல்லு. செத்தவைக்குப் போர்க்கிற துணி எண்டு சொல்லு. என்ர அம்மா இதுக்குக் கீழ கிடந்ததை நீ கண்டனி. வெட்டவேண்டாம் எண்டு நான் கெஞ்சுறன் எண்டு சொல்லு."

கெட்டிக்காரி. யாருடைய மனமும் இரங்காத இடத்தில் அவர் அம்மாவின் பயத்தைப் பிடித்தார். என் குளியல் கதையை அவர் மறக்கவில்லை. நான் அதைச் சொல்லியிருந்தால் அம்மா கத்தரிக்கோலை அங்கேயே போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடியிருப்பார். பிறகு அந்தத் துணியை வெட்ட மொன்றியலில் வேறு ஆள் தேட அவர்களுக்கு நேரம் இல்லை. மறுநாள் அவர்களுக்கு விமானம்.

இது எல்லாம் எனக்கு அந்த நிமிடமே தெரியும். குழந்தைக்கு விளங்கவில்லை என்று நீங்கள் எனக்காகச் சொல்ல வேண்டாம். நான் விரைவாக விளங்கிக்கொள்ளும் பிள்ளை, எல்லா ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"நேரா வெட்டட்டாம்" என்றேன்.

அம்மா மடாமைப் பார்த்துச் சிரித்தார். பதறும் மனிதரைத் தேற்றும் சிரிப்பு. "பயப்பிடாதேங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, அவருடைய கையில் இரண்டு தரம் தட்டினார். பிறகு வெட்டினார்.

கம்பளியை வெட்டும் சத்தம் பருத்தியை வெட்டுவதுபோல இல்லை. மெல்லும் சத்தம். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி எழும்பியது. நடுத் தையலில் கத்தரிக்கோல் ஒருமுறை நின்று, பிறகு கடந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். வெளிறிய சிவப்பு யாருடைய பங்குக்குப் போகிறது என்று அண்ணன் பகிடிவிட்டார். மடாம், அம்மா தட்டிய கையை மற்றக் கையால் துடைத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் அக்கா துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, "ஒரு நூல் விலகேல்லை" என்று வியந்தார். அதை மட்டும் நான் அம்மாவுக்கு உடனே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நான் அந்தத் துண்டைத் தோளில் சால்வைபோலப் போட்டுக்கொண்டு வகுப்பின் முன் நின்றேன். எங்கள் பூட்டனார் யாழ்ப்பாணத்தில் சொந்தத் தறியில் நெய்தது என்றேன். அந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. டீச்சர் அந்த ஜெர்மன் எழுத்துகளை விரலால் தொட்டு, "தமிழ் எழுத்துகள் எவ்வளவு அழகு!" என்றார். இரண்டு வாரம் பள்ளிக்கூட நடைகூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது தொங்கியது. "ஸ்டிக்கர்" என்று பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

அது வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா அதைத் துவைக்க விடவில்லை. தன் கைத்திறமைக்கு வெள்ளைக்காரர் தந்த மரியாதை அல்லவா. நான்காக மடித்துச் சாமித்தட்டில் விரித்து, அதன்மேல் பிள்ளையார் படத்தை வைத்தார். பிரேதத்தின்மேல் கிடந்த துணியில் வெள்ளிக்கு வெள்ளி பூவும் திருநீறும். நான் தினமும் அதன்முன் நின்று கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் பழகிவிடும்.

மடாம் அதற்குப் பிறகு அம்மாவோடு பேசவே இல்லை. படியில் கண்டால் சுவரைப் பார்ப்பார். அம்மா முதலில் கவலைப்பட்டார், பிறகு காரணம் தேடினார், கடைசியில் "வெள்ளைத் திமிர். காரியம் முடிஞ்சுது, இனி நாங்கள் ஆர்?" என்று முடிவுக்கு வந்தார். மேலே ஒருவர் தன் கெஞ்சலைக் கேட்டுச் சிரித்துவிட்டு வெட்டியவள் என்று இவரை வெறுத்தார். கீழே ஒருவர் நன்றி கெட்டவள் என்று அவரை வெறுத்தார். நடுவில் நான் படியில் ஏறி இறங்கினேன், இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக.

அடுத்த பனிக்காலத்தில் மடாம் மேல்பாதிப் படிக்கு மட்டும் உப்புப் போட்டார். அம்மா வேலைக்குப் போகும் காலை ஒன்றில் கீழ்ப்பாதியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு. நான் ஓடிப்போனபோது நிமிர்ந்து பார்த்தேன். மேல் ஜன்னலில் திரை ஆடி நின்றது. எலும்பு கோணலாகப் பொருந்தியது. பக்டரியில் வெட்டும் மேசையிலிருந்து எடுத்து, தைத்து முடிந்த சட்டையில் தொங்கும் நூலை நறுக்கும் மூலைக்கு அம்மாவை அனுப்பினார்கள். அங்கேயே வயதானார். "எரிஞ்சுபோவாள்" என்று மேலே பார்த்துத் திட்டும்போதெல்லாம் என்னையும் சேர்த்துத் தலையாட்டச் சொல்வார். ஆட்டினேன்.

சரி, இந்தக் காலத்துக்கு வருகிறேன். அந்தக் கையுறையில் மயங்கிய பிள்ளை துணிப் பாதுகாப்பே படித்தாள். டவுன்டவுனில் பல்கலைக்கழகம், பிறகு அதே வேலை. மடாமின் ஆட்களுடைய சங்கத்தார் இங்கே ஒரு கண்காட்சி வைக்கக் குழு அமைத்தபோது ஓடிப்போய்ச் சேர்ந்தேன். ஜெர்மன் இரத்தம் ஒரு சொட்டும் இல்லாத ஒரே ஆள் நான், எல்லாரையும்விடச் சத்தம் போடுகிற ஆளும் நான். அக்கா காலமாகிவிட்டார், அவர் மகள் ஐந்து வீட்டிலிருந்தும் ஐந்து துண்டையும் சேகரித்து வந்தார். மடாமும் தன் துண்டைக் கொடுத்திருந்தார். அவற்றை அடித்துணியில் வைத்துச் சேர்த்தது நான்தான். வெட்டு அவ்வளவு நேராக இருந்ததால் விளிம்பும் விளிம்பும் மூடிய உதடுபோலப் பொருந்தின. "யார் வெட்டியது? என்ன கை!" என்றார்கள். தெரியவில்லை என்றேன். பத்துக் கட்டுக் கோடு. பதினோராவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி, பக்கத்தில் ஓர் அட்டை: தலைப்பு காணவில்லை. அது மொன்றியலை ஒட்டிய லவாலில், அம்மாவின் புது வீட்டுச் சாமித்தட்டில் இருந்தது.

அப்போது முதியோர் இல்லத்திலிருந்து குழுவுக்குக் கடிதம் வந்தது. மடாமுக்கு அதிக நாள் இல்லை. போர்வை மறுபடி ஒன்றாகிவிட்டதாகக் கேள்விப்பட்டாராம். ஒரே ஒரு இரவு கேட்டார்.

கண்ணாடிக்குள் வைத்த எதையும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. எழுதியவள் நான். எழுதியபோது பெருமைப்பட்டேன். வாக்கெடுப்பில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். விதி விதிதான் என்று கை தூக்கினேன். என் கைக்குப் பிறகு மற்றக் கைகளும் எழுந்தன.

அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லவாலுக்குப் போய்ப் பிள்ளையாரைத் தூக்கிவிட்டு அந்தத் துண்டை எடுத்தேன்.

"ஏன் அதை எடுக்கிறாய்?"

"மேல்வீட்டு மடாம் சாகக் கிடக்கிறா. அவவின்ர துணி. ஒருக்கா காட்டிப்போட்டு வாறன்."

அம்மா அடுப்பை அணைத்தார். "நானும் வாறன்" என்றார். "எத்தினை வருசம் ஒரே படியில ஏறி இறங்கினம். சாகிற ஆளோட என்ன கோவம்."

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இல்லத்தில் மடாம் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். துண்டை விரித்து, கழுத்திலிருந்து கால்வரை நீளமாக வைத்தேன். நீளம் சரியாக இருந்தது. அகலம் ஒரு சாண். இரண்டு பக்கமும் உடம்பு வெளியே தெரிந்தது. அவருடைய விரல்கள் தடவித் தடவி மூன்று எழுத்துகளையும் கண்டுபிடித்தன. அப்போதுதான் என் பின்னால் நின்றவரைக் கண்டார்.

"உவ ஏன் வந்தவ?" என்றார். பிறகு, "கேள் உன்ர அம்மாட்ட. என்ன துணி எண்டு தெரிஞ்சும் ஏன் வெட்டினவ? நான் கெஞ்சக் கெஞ்ச, சிரிச்சுக்கொண்டு ஏன் வெட்டினவ?"

"என்னவாம்?" என்றார் அம்மா.

இந்த முறை ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"என்ன துணி?"

"செத்த ஆக்களுக்குப் போர்க்கிற துணி. அவையின்ர குடும்பத்தில எல்லாரும் இதுக்குக் கீழ கிடந்தவை."

அம்மா கட்டிலைப் பார்த்தார். வீட்டில் வெறுமையாக விட்டுவந்த சாமித்தட்டு அவர் கண்ணில் வந்துபோனது எனக்குத் தெரிந்தது.

"அண்டைக்கு அவ சொன்னது இதுவே?"

"ஓம்."

"நீ நேரா வெட்டட்டாம் எண்டனி."

"ஓம் அம்மா."

அவர் அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. கோணிப்போன மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். மடாம் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அம்மா தெரிஞ்சுதான் வெட்டினவ எண்டு சொல்லு" என்றார் அம்மா.

"அம்மா..."

"சொல்லு. இவ்வளவு காலமும் என்னைத்தானே திட்டினவ. இனிப்போய் ஒரு பத்து வயசுப் பிள்ளையைச் சபிச்சுக்கொண்டு சாகவேண்டாம். என்னைச் சபிக்கட்டும். எனக்கு அது பழகினது."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அம்மா சொன்னதை மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை: தெரிந்துதான் வெட்டினார்.

மடாம் தலையசைத்தார். வெகுகாலம் காத்திருந்த கடிதம், தான் நினைத்த செய்தியோடே வந்ததுபோல. பிறகு துண்டை உடம்பிலிருந்து தள்ளினார். "கொண்டு போ. அவவின்ர கை பட்டது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள், இல்லத்தின் மெல்லிய வெள்ளைப் போர்வைக்குக் கீழே இறந்துபோனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா தலை முழுகினார். சாமித்தட்டை மஞ்சள் தண்ணீரால் கழுவிவிட்டு, பிள்ளையாரை வெறும் பலகையில் வைத்தார். துண்டு என் பைக்குள் இருந்தது.

"அதை என்ன செய்யப்போறாய்?"

"கண்காட்சியில குடுக்கப்போறன். அவை தேடினம்."

"குடு" என்றார் அம்மா, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு. "எவ்வளவு நேரா வெட்டியிருக்கு எண்டு பாக்கட்டும். ஆர் வெட்டினது எண்டு கேட்டா என்ர பேரைச் சொல்லு."

கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டபோது ஒரு தமிழ் வீட்டில் என்றேன், அதற்கும் தட்டினார்கள். பதினொரு கட்டும் இப்போது கண்ணாடிக்குள் ஒன்றாக இருக்கின்றன. அட்டையை மாற்றி எழுதும் வேலையும் எனக்கே வந்தது. நெய்தவர் பெயர் தெரியவில்லை. வெட்டியவர் என்ற இடத்தில் அம்மாவின் முழுப் பெயரையும் எழுதினேன். வெட்டச் சொன்ன வாயின் பெயருக்கு அந்த அட்டையில் இடம் இல்லை.